அரை மணி நேர சைக்கிள் பயிற்சி: கணவன் மனைவி இருவருக்கும்



வத்தல்மலையில் வீடு வீடாகப் போனால் பல தாழ்வாரங்களில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்பதைக் காணலாம். கீழே விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்த மகனுக்கோ மகளுக்கோ அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்த வண்டி அது. பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போயாச்சு, இல்லாவிட்டால் கல்யாணம் ஆகிப் போயாச்சு. வண்டி மட்டும் நிற்கிறது. செயினில் துரு, டயரில் காற்றில்லை, ராத்திரியானால் கோழி ஏறி உட்காருகிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இருவரும் அதைத் தொடுவதில்லை.

அந்த வண்டியைத் துடைத்து, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் கணவனும் மனைவியும் பயன்படுத்த வேண்டும் என்பதே இந்தப் பிரசுரம் உங்களிடம் கேட்பது. ஓட்டத் தெரியாதவர் (அநேகமாக அது மனைவிதான்) கற்றுக்கொள்ளலாம். தெரிந்தவர் தம் இதயத்தையும் மூச்சையும் பலப்படுத்திக்கொள்ளலாம். அரை மணியில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த அரை மணியை எப்படிச் செலவு செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

காட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது எதற்கு?

"பகலெல்லாம் காட்டுல மாடா உழைக்கிறோம், அதுக்கு மேல உடற்பயிற்சி ஒரு கேடா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். களை எடுப்பதும், சாமை அறுப்பதும், காப்பிப் பழம் பறிப்பதும், சுமை தூக்குவதும் உழைப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அறுப்புக் காலத்திலும் பழம் பறிக்கும் காலத்திலும் நீங்கள் தனியாகப் பயிற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த நாட்களில் உடம்பு கேட்பது தூக்கத்தைத்தான்.

ஆனால் வருஷம் முழுவதும் அறுப்பு நடப்பதில்லை. தார்ச்சாலை வருவதற்கு முன்னால் ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றாலும் மலையை இறங்கி ஏற வேண்டியிருந்தது. இன்று சாலை இருக்கிறது, பஸ் வருகிறது, பல வீடுகளில் மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. வந்தது நல்லதே. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் கஷ்டம் எந்த மலை ஊருக்கும் வேண்டாம். கூடவே ஒன்று நடந்துவிட்டது: பக்கத்துக் கிராமத்துக்குக் கூட நடக்கிற வழக்கம் போய்விட்டது. தையல் மெஷினில் உட்காருகிறவர், கடை வைத்திருப்பவர், வேன் ஓட்டுகிறவர், இவர்களுக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இனிப் பட்டணத்து வியாதிகள் அல்ல. இரண்டும் வலிக்காமல் வருகிற வியாதிகள். வந்தது தெரியாமலே இருந்துவிட்டு, கை கால் விழுந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கணவர் வேலையாகக் கீழே போயிருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல். துணை சுகாதார நிலையம் அடுத்த ஊரில் இருக்கிறது. சைக்கிள் வாசலில் நிற்கிறது. ஓட்டத் தெரியாத தாய் என்ன செய்வாள்? யாராவது வண்டியில் வருகிறார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ரேஷன் கடைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், மகளிர் குழுக் கூட்டத்துக்கும் இதே கதைதான்.

புதுக்கோட்டைப் பெண்கள்

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பார்க்கலாம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவுப் பணி தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அந்த இயக்கத்தில் சேர்த்தார். போக்குவரத்துக்கு ஆண்களை எதிர்பார்த்து நிற்கிற நிலை மாறினால்தான் படிப்பும் நிலைக்கும் என்பது அதன் கருத்து. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

யார் யார் பழகினார்கள்? கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள். ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை முடிந்த நேரங்களிலும், கிடைத்த பொழுதில் பழகினார்கள். பயிற்சிக்கென்று ஒரு மாதம் லீவு போட்டவர் யாரும் இல்லை. தொடக்கத்தில் கேலியும் கொச்சைப் பேச்சும் இருந்தன. அதையும் தாண்டி, ஓரிரு வருஷங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தபோது புதுக்கோட்டை நகரமே நின்று பார்த்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சேதி ஒன்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். குறுக்கே போகும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! பின்னால் குடம், முன்னால் பிள்ளை, நடுவில் அம்மா. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது மகனுடைய சைக்கிளா மகளுடைய சைக்கிளா என்று பார்த்துத் தயங்க வேண்டாம்.

குறைந்த நேரம் போதுமா?

லண்டன் நகரில் மாடி பஸ் ஓட்டும் தொழிலாளர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி ஏறி டிக்கெட் கொடுத்த நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நடத்துநர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஏறினார், அவ்வளவுதான்.

வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும், அல்லது 75 நிமிடம் கடுமையாக உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்குத்தான்.

கடுமையாக மிதித்த ஒரு நிமிடம், மிதமாக மிதித்த இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பலன் பெறும் வழி இதில்தான் இருக்கிறது. ஜப்பானில் இசுமி தபாதா என்ற ஆராய்ச்சியாளர் 1996-ல் வெளியிட்ட சோதனையில், நிலையாக நிறுத்திய சைக்கிளில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை மிதிக்க வைத்தார். ஆறு வாரத்தில், ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்குக் குறையாமல் அவர்களுக்கும் மூச்சுப் பலம் கூடியது. அவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். நாற்பது வயதில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்த முழு வேகம் ஆகாது. அதிலுள்ள யுக்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி அழுத்தம்.

முதலில் வண்டியைச் சரி செய்யுங்கள்

என் வயதுக்காரர்கள் சைக்கிள் கற்றது வாடகைக் கடையில். அரை மணிக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. கடைக்காரர் சிலேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டால் ஒரு நிமிடத்தை வீணாக்க மாட்டோம். டயரை அங்கேயே அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்போம். குரங்குப் பெடல் போட்டு முழங்கால் தேய்ந்தாலும் நேரம் முடிகிற வரை இறங்க மாட்டோம். சொந்த வண்டியில் பழகுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனால்தான் பாதி நேரம் பம்பு தேடுவதிலும் சாவி தேடுவதிலும் போய்விடுகிறது.

காற்று அடிப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, துணி எடுத்து வைப்பது எல்லாம் முந்தின நாள் ராத்திரியே முடிந்திருக்கட்டும். காற்றுக் குறைந்த டயரில் ஏறினால் பாதிப் பலம் சாலையில் தேய்ந்து போகும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றாமல் ஏறவே கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்தால் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டையும் பார்க்க வேண்டும். வருஷக் கணக்காக நின்ற வண்டியானால் ஒரு தடவை கீழே சைக்கிள் கடைக்காரரிடம் காட்டிவிடுவது நல்லது.

கற்றுக்கொள்ளும் மனைவிக்கு

சைக்கிளில் கடினமானது மிதிப்பது அல்ல, விழாமல் நிற்பது. ஆகையால் முதலில் அதை மட்டும் பழக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பழகப் போனால் இரண்டும் வராது, பயம்தான் வரும்.

சீட்டை நன்றாகக் கீழே இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முடிந்தால் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். வலது பெடல் மற்றத் திருகுகளைப் போல இடஞ்சுழியாகச் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்மாறு, வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இது தெரியாமல் பலமாக இறுக்கிவிட்டு, "கழலவே மாட்டேங்குது" என்று சுத்தியலைத் தேடுகிறவர்கள் நிறைய.

இப்போது சமமான இடம் ஒன்று வேண்டும். பள்ளிக்கூட மைதானம் போதும், களத்து மேடும் போதும், ஊருக்குள் வண்டி அதிகம் வராத தெருவானாலும் சரி. வளைவுச் சாலைக்குப் போகவே கூடாது. சீட்டில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி நகருங்கள், வாத்து நடக்கிற மாதிரி. நாலு உந்து உந்திவிட்டு இரண்டு காலையும் தூக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறக்குங்கள். அடுத்த நாள் ஐந்து எண்ணுங்கள். பத்து எண்ணும் வரை கால் தரையில் படாமல் போக முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பயப்பட வேண்டாம், முக்கால் கிணறே தாண்டியாயிற்று.

வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலை லேசாகத் திருப்ப வேண்டும். மனசு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும், அதைக் கேட்கக் கூடாது. பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. இருபது அடி தள்ளி ஒரு மரத்தையோ கல்லையோ பாருங்கள். கண் போகிற பக்கம் வண்டி போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்தில்தான் போய் விழும்.

மிதிக்கப் பழகுவதற்கு முன்பே பிரேக் பிடிக்கப் பழகிவிடுங்கள். பின் பிரேக்கை முதலில், உடனே முன் பிரேக்கை, இரண்டையும் மெதுவாக. முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். நிறுத்தத் தெரிந்தவளுக்குப் பயம் குறையும். பயம் குறைந்தால் மீதி தானாக வரும்.

பிறகு பெடலை மாட்டி, ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, அதை அழுத்திக் கிளம்ப வேண்டும். பலருக்குப் பத்து நாளில் இது வந்துவிடும். சிலருக்குக் கூடுதலாக ஆகும். அதனால் குறைவு ஒன்றுமில்லை.

நேரத்தைப் பற்றி முக்கியமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட, நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடமாகப் பத்து நாள் பழகுவது மேல். பழகிய வித்தையை மூளை தூக்கத்தில் பதிய வைத்துக்கொள்கிறது. நேற்று வராதது இன்றைக்குத் திடீரென்று வருவது அதனால்தான். கை நடுங்க ஆரம்பித்தால், அல்லது இரண்டு தடவை தொடர்ந்து தடுமாறினால், அன்றைக்கு அதோடு போதும். நன்றாக வந்த ஒரு சுற்றோடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். கற்றுக்கொள்ளும் நாட்களில் மட்டும் தினமும் பழகலாம், வாரம் மூன்று நாள் என்ற கணக்கு பிறகுதான்.

சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். சுடிதாரானால் துப்பட்டாவைப் பின்னால் முடிந்துவிடுங்கள். செயின் மூடி இல்லாத வண்டியில் துணி சிக்கினால் ஆளையே இழுத்துப் போடும். பின் சக்கரத்துக்குத் துணிக்காப்பு வலை இருந்தால் நல்லது.

மாதவிலக்கு நாட்களில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். உடம்புக்கு முடிந்தால் ஓட்டலாம். சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், பிள்ளை நிற்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

கற்றுக்கொடுக்கும் கணவருக்கு

ஐயா, ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். நீங்கள் ஹேண்டிலைப் பிடித்தால் வண்டியை நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள், உங்கள் மனைவி சும்மா உட்கார்ந்திருக்கிறார். சீட்டுக்குப் பின்னால், கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். சீட்டைத் தாழ இறக்கிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

பத்துப் பேர் நடுவில் "இது கூடத் தெரியலையா?" என்று சத்தம் போடாதீர்கள். சத்தம் போட்டால் அன்றைய அரை மணியும் வீண், அடுத்த நாள் அவர் வரவும் மாட்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள்: "முன்னால பாரு." அது படிந்த பிறகு அடுத்தது. அந்த அரை மணியில் அடுப்பு, மாடு, கைக்குழந்தை யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். "ஏங்க, சோறு வடிக்கணும்" என்று அவர் பாதியில் இறங்கி ஓடினால் அது பயிற்சி ஆகாது. வீட்டில் மாமியார் இருந்தால், அவரையும் களத்து மேட்டுக்கு அழைத்து வந்து உட்கார வையுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவரே இரண்டாம் நாள் "நல்லா மிதிம்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மனைவிக்குத் தெரிந்து கணவருக்குத் தெரியாத வீடுகளும் உண்டு. மேலே சொன்ன யாவும் அப்படியே பொருந்தும்.

ஓட்டத் தெரிந்தவருக்கு அரை மணி

சீட் உயரத்தைச் சரியாக வையுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன் பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். "சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது" என்கிற பலருடைய சீட் தாழ இருக்கும்.

முதல் மூன்று நான்கு வாரம் மெதுவான ஓட்டம் மட்டும். பேச்சுத்தான் நமக்கு அளவுகோல். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இருபது நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கூட்டி, முப்பதுக்குக் கொண்டுவாருங்கள்.

அதற்குப் பிறகு இப்படிச் செய்யலாம். முதல் ஐந்து நிமிடம் சும்மா மெதுவாக. உடம்பு சூடாக வேண்டும், மலைக் குளிரில் இதை விடவே கூடாது. பிறகு ஒரு நிமிடம் அழுத்தி மிதியுங்கள், ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு. அடுத்த இரண்டு நிமிடம் மெதுவாக. இப்படி ஆறு தடவை, மொத்தம் 18 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி மெதுவாக ஓட்டி முடியுங்கள். சட்டென்று இறங்கி நின்றால் தலை சுற்றும். 28 நிமிடத்தில் வேலை முடிந்தது.

கணக்குப் பார்ப்போம். அழுத்தி மிதித்த ஆறு நிமிடம் பன்னிரண்டாகிறது, மீதி 22, ஆக 34. வாரம் மூன்று நாளுக்கு 102. பாக்கி 48 நிமிடத்துக்கு உங்கள் நடையும் காட்டு வேலையும் தாராளம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடிகாரமே தேவையில்லை. ஊருக்குள்ளேயே ஒரு சின்ன மேடு இருக்கும். அதில் ஏறுவது அழுத்தம், வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குவது ஓய்வு. அரசு கொடுத்த சைக்கிளில் கியர் கிடையாது, மேடு செங்குத்தாக இருந்தால் மூச்சு முட்டும். அப்போது இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதும் பயிற்சிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழுத்தி மிதித்த நாளுக்கு அடுத்த நாள் மறுபடி அழுத்த வேண்டாம். தசை பலப்படுவது ஓய்வில்தான். ஒரே சைக்கிள் உள்ள வீட்டில் இது சுலபம்: இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். ஒரு நாள் பத்து நிமிடம்தான் கிடைத்தது என்றால் "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் மெதுவாக, ஒரு மேடு, ஐந்து நிமிடம் மெதுவாக, போதும்.

இறக்கத்தில் எச்சரிக்கை

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் சாதாரண சைக்கிளில் ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். நம் வண்டியின் பிரேக், சக்கரத்தின் வளையத்தை ரப்பர் கட்டை பிடிக்கிற பிரேக். நீண்ட இறக்கத்தில் அது சூடேறித் தேயும். மழையிலோ பனியிலோ வளையம் நனைந்திருந்தால் பிடிக்கவே பிடிக்காது. வளைவில் எதிரே பஸ்ஸோ ஜீப்போ வந்தால் ஒதுங்க இடமில்லை. கீழே போக வேண்டுமானால் பஸ்ஸில் போங்கள். உங்கள் பயிற்சி மலை மேல், ஊர்களுக்கு நடுவில் மட்டும் இருக்கட்டும். மூடுபனி விலகிய பிறகே சாலைக்கு வாருங்கள். வண்டியின் பின்னால் சிவப்பு ஒளிர்வில்லை கட்டாயம் இருக்க வேண்டும். தலைக்கவசம் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்?

நடந்தாலே நெஞ்சு இறுகுகிறவர், படுத்தால் மூச்சுத் திணறுகிறவர், அடிக்கடி மயக்கம் வருகிறவர் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம் 180/110 என்ற அளவுக்கு ஏறியிருந்தால் மருந்தால் குறைந்த பிறகுதான் சைக்கிள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் சட்டைப் பையில் ஒரு துண்டு வெல்லம் வைத்திருங்கள். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டு வந்தால் உடனே இறங்கி அதை வாயில் போட வேண்டும். மாத்திரையை, "சைக்கிள் ஓட்டறேனே" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

பெண்களுக்கு ரத்த சோகை ஒரு பெரிய தடை. நூறு மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ரத்த சோகை என்று பொருள். கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. நாலு மிதி மிதிப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது என்றால் சோம்பல் என்று நினைக்காமல் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காக எடுத்து ரத்தம் ஏறிய பிறகு அதே மேடு சுலபமாக இருக்கும்.

கர்ப்ப காலம் சைக்கிள் கற்றுக்கொள்ளும் காலம் அல்ல. விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நடப்பது நல்லது. சுகப்பிரசவமானால் ஆறு வாரம் கழித்துச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சொல்லும் வரை பொறுக்க வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்

தழும்பில்லாத ஆண் கருத்தடை சிகிச்சை செய்துகொண்டவர் 48 மணி நேரத்துக்குப் பிறகு வழக்கமான வேலைக்குப் போகலாம். சைக்கிள் ஒரு வாரம் கழித்து. பெண் கருத்தடை சிகிச்சை செய்துகொண்டவர் 48 மணி நேரத்துக்குப் பிறகு லேசான வேலைகளைத் தொடங்கி, படிப்படியாக இரண்டு வாரத்தில் முழு வேலைக்குத் திரும்பலாம், சைக்கிளும் அப்போதுதான். காப்பர்-டி போட்டிருப்பவர்களுக்குத் தடை ஏதுமில்லை, மிதிப்பதால் அது நழுவி விழாது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆம்பளைக்குப் பலம் போயிடும், மேடு ஏற முடியாது" என்று ஒரு பேச்சு இன்னும் ஊருக்குள் ஓடுகிறது. அந்தச் சிகிச்சையில் விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள். பலத்துக்கும் மீசைக்கும் காரணமான சுரப்பு முன்போலவே ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து நீங்களே மேட்டில் மிதித்துப் பார்க்கலாம். சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு முறை தேவை என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அரை மணி சைக்கிள் ஓட்டினால் ஆண்களுக்குக் குழந்தை பிறக்காது என்பதும் உண்மையல்ல. தொடையிடுக்கில் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து, சமமாக இறக்கி வையுங்கள்.

மிதிக்கும்போது நெஞ்சு வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சு வாங்கல் வந்தால் வண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்காருங்கள், 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மற்றச் சந்தேகங்களுக்கு உங்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போய்ப் பாருங்கள். ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு இரண்டையும் அன்றைக்கே குறித்து வாங்கி வாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.